கிட்டார் கேள்வி-பதில்: முதலில் கெயினைக் குறையுங்கள்

சென்ற இதழில், கம்ப்யூட்டருக்குள் ஆம்பை வைத்துக்கொண்டு பழைய ராக் ஒலியைத் தேடுகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, இந்த முறை முழுக்க அதற்கே பதில்.

கேள்வி: மென்பொருளில் 'பிளெக்ஸி' என்று இருக்கும் ஆம்பைத்தான் எடுத்தேன். கெயினை, அதாவது ஒலியைக் கிழிய வைக்கிற குமிழை, முழுக்க ஏற்றியும் 70களின் ஆல்பங்களில் கேட்கிற அந்த கனம் வரவில்லை. டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: முழுக்க ஏற்றியதில்தான்.

பிளெக்ஸி என்பது மார்ஷல் ஆம்பின் செல்லப்பெயர். முன்பலகை பிளெக்ஸிகிளாஸில் இருந்ததால் அப்படி ஆயிற்று. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்துத் தங்கள் முதல் ஆம்பைச் செய்தார்கள், சில வருடங்களிலேயே அது 100 வாட்டாக வளர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஆம்ப்களைப்போல அதில் கெயின் தனி, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் தனி என்று கிடையாது, வால்யூம் மட்டும்தான். திருகத் திருகச் சத்தம் கூடும், ஓர் இடத்துக்கு அப்புறம் சத்தம் கூடுவது நின்று ஒலி கிழிய ஆரம்பிக்கும். நமக்குப் பிடித்த அந்த கனத்தில் பெரும்பங்கு, ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசிக் கட்டத்து வால்வுகள் மூச்சுத் திணறுவதில் வருகிறது.

பல மாடலர்கள் (ஆம்பைப் போலவே ஒலிக்கிற மென்பொருள்களும் கருவிகளும்) இந்த ஆம்புக்கு, அசலில் இல்லாத ஒரு மாஸ்டர் குமிழையும் சேர்த்துத் தருகின்றன. அதைப் பாதியில் விட்டுவிட்டு கெயினை மட்டும் ஏற்றினால் முன்கட்டம் மட்டுமே கிழியும், கடைசிக் கட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டு அங்கேதான் இருக்கிறது. மாஸ்டரை முழுக்கத் திறந்துவிட்டு, கெயினை 5, 6-க்கு இறக்குங்கள். பாஸை 2-ல் வையுங்கள், வேண்டுமென்றால் 0-விலும் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. இந்த ஆம்ப் சத்தமாக ஓடும்போது கீழ் ஒலிகள் தாமாகவே வீங்கும், பாஸையும் ஏற்றினால் கொழகொழத்துவிடும்.

1966-ல் ஜான் மேயாலுடன் ஆல்பம் பதிவு செய்தபோது, மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில்தான் ஸ்டூடியோவிலும் வாசிப்பேன் என்று எரிக் கிளாப்டன் பிடிவாதம் பிடித்தார். லெஸ் பால் கிட்டார், ஒரு மார்ஷல் காம்போ, அவ்வளவுதான். கிட்டாரை அடக்கி வாசித்துப் பதிவு செய்வதே வழக்கமாக இருந்த காலம் அது. அந்தப் பிடிவாதத்திலிருந்து வந்த ஒலியைத்தான் இன்றைக்கும் நாம் நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, ஆல்பத்தில் நீங்கள் கேட்கிற கனம் பெரும்பாலும் ஒரு கிட்டாரால் ஆனதல்ல. ஏசி/டிசி குழுவில் ஆங்கஸ் ஒரு காதில், மால்கம் இன்னொரு காதில். இருவரையும் தனித்தனியாகக் கவனித்துக் கேளுங்கள், 'அட, இவ்வளவுதான் டிஸ்டார்ஷனா' என்று தோன்றும். கெயின் குறைவாக இருப்பதால்தான் இரண்டு பேரும் சேரும்போது கூழாகாமல் சுவராக நிற்கிறது. நீங்களும் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வையுங்கள். முதல் பதிவைப் பிரதி எடுத்து ஒட்டுவது கணக்கில் சேராது, மறுபடி வாசிக்க வேண்டும், சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் அங்கே வேலை செய்கின்றன.

கேள்வி: ஐ.ஆர். ஐ.ஆர். என்கிறார்களே, அது என்ன? மாற்றினால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

பதில்: ஆம்பை மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் வரும்.

கிட்டார் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கரே இல்லை. பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரைப்போல எல்லாவற்றையும் அது திருப்பித் தராது, சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று விழுந்துவிடும், நடுவில் ஆங்காங்கே மேடும் பள்ளமும் இருக்கும். டிஸ்டார்ஷன் செய்த ஒலியை அந்த வடிகட்டி இல்லாமல் கேட்டுப் பாருங்கள், காதில் கொசு புகுந்ததுபோல் இருக்கும். மாடலரில் கேபினட் பகுதியை ஒரு நிமிடம் அணைத்தாலே புரிந்துவிடும்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., என்பது அந்த வடிகட்டியின் பிரதி. ஒரு கேபினட்டுக்குள் சோதனை ஒலி ஒன்றை அனுப்பி, மைக் வழியாகத் திரும்ப வருவதைப் பதிந்து, இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று கணக்குப் போட்டு எடுப்பது. ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் நின்ற இடம் எல்லாமே அந்த ஒரு சின்னக் கோப்பில் வந்துவிடும். மைக் நின்ற இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேராக எஸ்எம்57 மைக்கை வைத்தால் கண்ணாடி கீறுகிற மாதிரி கூர்மை, இரண்டு விரல் நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனால் அதே ஆம்ப் கம்பளி போர்த்திக்கொள்ளும். ஆம்பில் டிரெபிள் குமிழை எத்தனை திருகினாலும் அந்த மாற்றம் கிடைக்காது.

என் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ஐ.ஆர்.களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். மாலையில் காலையில் பிடித்தது பிடிக்கவில்லை, வேண்டாம் என்று ஒதுக்கியது தேவலோகமாக இருந்தது, கடைசியில் கிட்டாரைத் தொடவே அலுப்பாகிவிட்டது. மார்ஷல் வகை ஆம்ப் என்றால் செலெஷன் கிரீன்பேக் நாலு இருக்கிற மூடிய பெட்டி ஒன்று, வாக்ஸ் வகை என்றால் செலெஷன் புளூ இரண்டு இருக்கிற திறந்த பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வேறெதையும் தொடாதீர்கள். கீழே 80, 90 ஹெர்ட்ஸிலும் மேலே 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸிலும் வெட்டிவிடுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே இருப்பது கிட்டார் இல்லை, மேசை அதிர்வு.

கேள்வி: எந்தப் பாட்டுக்கு எந்த ஆம்ப் மாடல் என்று ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா?

பதில்: பட்டியல் போடலாம். ஆனால் அதை நம்பிப் போனால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

லெட் செப்பெலினின் முதல் ஆல்பம் 1969-ல் வந்தது. மேடையில் ஜிம்மி பேஜ் என்றால் லெஸ் பாலும் மார்ஷல் அடுக்குகளும்தான் நினைவுக்கு வரும், நாமும் மாடலரில் அதைத்தான் தேடுவோம். அந்த ஆல்பத்தில் அவர் பெரும்பாலும் வாசித்தது ஒரு டெலிகாஸ்டரும் சூப்ரோ என்கிற சின்ன ஆம்பும். சின்ன ஆம்பை மூச்சு முட்ட ஓட்டி, ஒரு மைக்கை அருகிலும் இன்னொன்றை அறையில் தள்ளியும் வைத்து, அறையையும் சேர்த்துப் பதிந்தார். நம் காதில் விழுவது பெரிய ஆம்ப் இல்லை, சின்ன ஆம்பைச் சுற்றியிருந்த காற்று. மாடலரில் இதைச் செய்ய சின்ன ஆம்ப் ஒன்று, அருகு மைக் ஐ.ஆர். ஒன்று, அறை ஐ.ஆர். ஒன்று, அறை ஐ.ஆரைக் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அறை ஐ.ஆர். இல்லையா? மிகக் குட்டியான அறை ரிவெர்ப் போட்டு ஒப்பேற்றலாம்.

இன்னும் விசித்திரமானவை உண்டு. பீட்டில்ஸ் 1968-ல் 'ரெவல்யூஷன்' பாட்டின் ஒற்றைத்தட்டுப் பதிப்பைப் பதிந்தபோது அந்தக் காட்டுத்தனமான கிட்டாருக்கு ஆம்பே இல்லை. கிட்டாரை நேராக மிக்ஸிங் மேசையில் செருகி, மேசையின் ப்ரீஆம்பையே கதற விட்டார்கள், ஸ்டூடியோ விதிப்படி அது பெரிய குற்றம். அந்தப் பாட்டுக்கு நீங்கள் எந்த ஆம்ப் மாடலைத் தேடினாலும் கிடைக்காது. கேபினட்டை அணைத்துவிட்டு மேசை ப்ரீஆம்ப் மாடலை முழுக்க ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் போய்விடுவீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதே வருடத்தில் அகூஸ்டிக் கிட்டாரைச் சின்ன கேசட் ரெக்கார்டரில் அளவுக்கு மீறிப் பதிந்து, அதைத் திரும்ப ஸ்டூடியோவில் ஓட்டி எடுத்தார். எலெக்ட்ரிக் என்று நினைத்து நாம் எத்தனை வருடம் ஏமாந்திருக்கிறோம்! பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 1979-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிற 'அனதர் பிரிக் இன் தி வால்' பாட்டின் சோலோவை, பி-90 பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற சுருள்) உள்ள லெஸ் பாலை மேசையில் நேரடியாகச் செருகி வாசித்தார், அப்புறம்தான் அந்தப் பதிவை ஆம்ப் வழியாகவும் அனுப்பிக் கலந்தார்கள்.

ஏசி/டிசி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. ஆங்கஸ் யங் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா வயர்லெஸ் கருவி ஒலியை அழுத்தியும் விரித்தும் அனுப்பியதோடு, ஆம்புக்கு முன்னால் ஒரு தள்ளலும் தந்தது. மேடையில் ஓடுவதற்காக வாங்கிய கருவியை 1980 வாக்கில் ஸ்டூடியோவிலும் வைத்துக்கொண்டார். ஆம்ப், கிட்டார், ஸ்பீக்கர் எல்லாம் சரியாக வைத்தும் 'ஏதோ ஒன்று குறைகிறது' என்று பல வருடம் தவித்தவர்களுக்கு விடை இதில் இருந்தது. ஒரு கம்ப்ரஸரும் லேசான பூஸ்ட்டும் முன்னால் போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஆம்ப் பெயரைத் தேடுவதற்கு முன்னால், அந்தப் பதிவு எப்படி நடந்தது என்று படித்துவிடுங்கள். நம் ஆட்கள் அதைத்தான் செய்வதில்லை.

கேள்வி: ஃபஸ் ஃபேஸ் என்கிற, ஒலியைக் கிழிக்கிற பெடலின் மாடலைப் போட்டுக்கொண்டு கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மாதிரி மணிமணியாகச் சுத்த ஒலி வரும் என்கிறார்கள். எனக்குச் சத்தம் மட்டும்தான் குறைகிறது.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. அசல் ஃபஸ் ஃபேஸின் உள்வாசல் மின்தடை மிகக் குறைவு. கிட்டாரை அதில் செருகினால் பிக்கப்பின் கம்பிச்சுருளும் பெடலின் முதல் டிரான்சிஸ்டரும் ஒரே சர்க்யூட்டாக ஒட்டிக்கொள்கின்றன. வால்யூமைக் குறைக்கும்போது அந்த உறவே மாறுகிறது, அதனால்தான் கிழிசல் சட்டென்று விலகிப் பளபளப்பு வருகிறது. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான வாசல் சுமார் 1 மெகா ஓம். பிக்கப் பார்ப்பது அதை மட்டும்தான், அதற்கு அப்புறம் இருக்கிற மென்பொருளில் ஃபஸ் இருக்கிறதா கோரஸ் இருக்கிறதா என்று பிக்கப்புக்குத் தெரியாது.

வழி இரண்டு. சில தரை மாடலர்களில் உள்வாசல் மின்தடையை மாற்ற முடியும், இருந்தால் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒரு பெடலை மட்டும் நிஜமாக வாங்கி இன்டர்ஃபேஸுக்கு முன்னால் போடுங்கள். கிட்டாருக்கும் அதற்கும் நடுவில் வேறு எதுவும் வேண்டாம், பஃபர் (கிட்டாரைப் பெடலிலிருந்து பிரித்துவிடும் சர்க்யூட்) உள்ள டியூனர் பெடல் உட்பட.

கூடவே ஒரு சின்ன விஷயம். ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய நீளமான சுருள் கேபிள் கூரிய ஒலிகளை விழுங்கிவிடும். நாம் ஒன்றரை மீட்டர் கேபிளில் வாசித்துவிட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிறீச்சிடுகிறது என்று புலம்புகிறோம். டோன் குமிழ் ஒன்று கிட்டாரிலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

கேள்வி: மாடலரில் கம்பியை மீட்டியபின் ஒலி வரும் தாமதம் உறுத்துகிறது. நிஜ ஆம்பில் இது இல்லையே?

பதில்: இருக்கிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஆம்புக்கு 3 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் கழித்துத்தான் உங்கள் காதுக்கே வருகிறது, மேடையில் யாரும் புகார் சொன்னதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்கிற ஒலித்துண்டை, 128 சாம்பிளில் வைத்தால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட், உள்ளே வெளியே எல்லாம் சேர்த்து 10-க்குள் அடங்கினால் போதும். 512-ல் வைத்துக்கொண்டு உறுத்துகிறது என்றால் உறுத்தத்தான் செய்யும்.

கேள்வி: டிஜிட்டல் என்றைக்கும் வால்வு ஆகாது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் யார் கட்சி?

பதில்: எந்த வருடத்து டிஜிட்டலைச் சொல்கிறார் என்று கேளுங்கள். 1998-ல் வந்த லைன் 6 பாட் என்றால் நானும் அவர் கட்சிதான், அதன் சிவப்பு அவரைக்காய் உருவம் எனக்கு இன்றும் பிடிக்கும் என்றாலும். 2006-ல் ஃபிராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தபிறகு சண்டையில் சூடு குறைந்தது. 2010களின் தொடக்கத்தில் வந்த கெம்பர் வேறு வழியில் போனது. சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகக் கணக்கிடாமல், உங்கள் முன்னால் இருக்கிற ஆம்பையே காதால் படிப்பதுபோல் படித்துப் பிரதி எடுத்தது. இப்போது நியூரல் வலைகள் அதைச் செய்கின்றன.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது. பிரதி எடுக்கிற முறையில் அந்த ஆம்ப் அந்த நொடியில், அந்தக் குமிழ் நிலையில் எப்படி ஒலித்ததோ அது மிக நன்றாக வரும். ஆனால் கெயினை இரண்டு புள்ளி குறைத்தால் அசல் ஆம்ப் என்ன செய்திருக்கும் என்று பெரும்பாலான பிரதிகளுக்குத் தெரியாது. சர்க்யூட்டைக் கணக்கிடுகிற முறையில் எல்லாக் குமிழும் அசலைப்போல நடந்துகொள்ள முயலும். பழைய ராக்குக்கு வாசிப்பவர் கிட்டார் வால்யூமிலேயே பாதி வேலையைச் செய்வார் என்பதால், எந்த முறையானாலும் வால்யூமை 4-க்குக் குறைத்துச் சோதித்துவிட்டுத்தான் நம்புவேன்.

பதிவில் கேட்டால் எனக்குப் பல சமயம் வித்தியாசம் தெரிவதில்லை. அறையில், நாலு ஸ்பீக்கர் பெட்டி முன்னால் நின்றால் தெரியும், கால்சட்டை அசையும். ஆனால் உங்கள் நண்பர் ரசித்துக் கேட்ட எல்லா ஆல்பத்திலும் அவர் கேட்டது மைக் கேட்டதைத்தான்.

கேள்வி: குவீன் குழுவின் பிரையன் மே ஒலிக்கு வாக்ஸ் ஏசி30 மாடல் போட்டும் சப்பென்று இருக்கிறது.

பதில்: ஏசி30 மட்டும் போதாது, அதற்கு முன்னால் ஒரு டிரெபிள் பூஸ்டர் வேண்டும். நார்மல் சேனல், வால்யூம் முழுக்க. பளிச்சென்ற டாப் பூஸ்ட் சேனலை எடுத்திருந்தால் அதை விடுங்கள். பூஸ்டர் கீழ் ஒலிகளைக் கழித்துவிட்டுத் தள்ளுவதால்தான் ஆம்ப் குழம்பாமல் பாடுகிறது. சுத்த ஒலி வேண்டுமா, கிட்டார் வால்யூமைக் குறைக்க வேண்டியதுதான். அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே செய்த அவருடைய கிட்டாரில் மூன்று சிங்கிள்-காயில் பிக்கப்கள் தொடர் இணைப்பில் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எதிர்-கட்டத்துக்கு மாற்ற சுவிட்ச் உண்டு. சாதாரண ஸ்ட்ராட்டில் அந்த இணைப்பு வராது, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்தால் ஓரளவு நெருங்கலாம். பிக்குக்குப் பதில் விளிம்பில் பல்வெட்டு உள்ள நாணயம் ஒன்றால் மீட்டிப் பாருங்கள், அவர் ஆறு பென்ஸ் காசால்தான் வாசிப்பார். எந்த மாடலரிலும் இல்லாத குமிழ் அது.

கேள்வி: ஹெட்போனில் அற்புதமாக இருந்த ப்ரீசெட், குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போய்விடுகிறது.

பதில்: சன்னமான சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஒலியும் மேல் ஒலியும் குறைவாகத்தான் கேட்கும், ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நள்ளிரவில் ஹெட்போனில் அதை ஈடுகட்ட பாஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுவைக் குழியாக்கி வைத்திருப்பீர்கள். சத்தமாக வாசிக்கும்போது அந்தப் பாஸ், பாஸ் கிட்டார்காரரோடு முட்டும், அந்த டிரெபிள் சிம்பலுக்குள் கரையும், மிஞ்சுவது நீங்கள் வெட்டி எறிந்த நடு ஒலிதான். 500 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை திரும்பக் கொண்டுவாருங்கள், ரிவெர்பைப் பாதியாக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி அசிங்கமாக இருக்கும். அப்படி இருந்தால் சரி.

கேள்வி: எட்டி வான் ஹேலன் ஆம்புக்குள் என்ன மாற்றம் செய்தார்?

பதில்: 1978 ஆல்பத்தைக் கேட்கிறீர்கள் என்றால், பெரிய ரகசியம் ஆம்புக்கு வெளியே இருந்தது. வேரியாக் என்கிற கருவியை வைத்து, மார்ஷலுக்குப் போகிற மின்னழுத்தத்தை 90 வோல்ட் பக்கம் இறக்கிவிட்டார். ஆரம்பத்தில் 140-க்கு ஏற்றுகிறேன் என்று பேட்டிகளில் அளந்துவிட்டார், நம்பிச் செய்தவர்கள் ஆம்பை எரித்துக்கொண்டதுதான் மிச்சம். மாடலரில் வேரியாக் அல்லது சேக் (மின்னழுத்தம் தளர்வது) என்று இருந்தால் அதைத் தொடுங்கள், நிஜ ஆம்பில் வேண்டவே வேண்டாம், உள்ளே உயிரைப் பறிக்கிற மின்னழுத்தம் இருக்கிறது. கிட்டார் இடது பக்கம், அதன் ரிவெர்ப் மட்டும் வலது பக்கம் என்று வைத்தால் ஒலி இன்னும் பக்கத்தில் வரும்.

கேள்வி: புதிதாக எந்த மாடலர் வாங்கலாம்?

பதில்: இந்த மாதம் வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதில் ஒரு மார்ஷல் பிரதி, மேலே சொன்ன ஒரே ஒரு ஐ.ஆர். போட்டு வாசியுங்கள், அப்புறம் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: பிளாக் சப்பாத் கனத்துக்காகத் தடித்த 11 கம்பி (0.011 அங்குலம்) போட்டேன். விரல்தான் புண்ணாகிறது.

பதில்: அதன் கிட்டார்காரர் டோனி ஐயோமி போட்டது மெல்லிய கம்பி. 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, வளைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மெல்லிய கம்பி தேடினார். 1971 ஆல்பத்திலிருந்து பல பாட்டுகளில் கிட்டாரையும் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார். கனம் லேனி ஆம்பிலும் அதன் முன்னால் இருந்த டிரெபிள் பூஸ்டரிலும் இருந்தது. வாங்கிய கம்பியைக் கழற்ற வேண்டாம், நீங்களும் மூன்று அரைச்சுரம் இறக்குங்கள், 11-ம் தொளதொளவென்று ஆகிவிடும். இறக்கியதும் சுருதி பார்த்துவிட்டு வாசியுங்கள், தளர்ந்த கம்பியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுரம் மேலே ஓடிவிடும்.